செவ்வாய் வெள்ளி ஏழாவது பீரியடு

ஜனவரி 3, வெள்ளி

வீட்டுக்காரர் வேலை பார்த்த கூட்டுறவுச் சங்கத்தில் ஓய்வுபெற்றவர்களுக்கும் டைரி கொடுக்கிறார்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் உரத்தைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. இவர் எழுத மாட்டார். வீணாகப் போக வேண்டாம் என்று நான் எழுதுகிறேன்.

தலைமையாசிரியர் குற்றாலிங்கம் சார் இன்று அறைக்குக் கூப்பிட்டார். ஏழாம் வகுப்பு ஆ பிரிவில் நாற்பத்தொரு பேர். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் தேறியவர்கள் பதினாறு பேர். ஆகையால் வட்டார வள மையத்தில் ஒரு சோதனை முயற்சிக்கு எங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கணக்கை விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். உட்கார்ந்த இடத்தில் விளையாடுவது அல்ல. ஓடிக் குதித்து விளையாடுவது. எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு வகுப்பு, மைதானத்தில். வெள்ளிதோறும் ஒரு பக்க அறிக்கை அனுப்ப வேண்டும்.

"எனக்கு அம்பத்தஞ்சு வயசு சார். ரெண்டு முட்டும் வலி" என்றேன்.

"நீங்க ஏன் டீச்சர் குதிக்கீங்க? பிள்ளைய குதிக்கட்டும். பேனல் வாரதுக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு. இப்பப் போய் மாட்டேன்னு எழுதிக் குடுத்து வம்பை விலைக்கு வாங்காதீங்க."

பேனல் என்றால் தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியல். இந்தத் தடவை என் பெயர் கட்டாயம் வரும். இருபத்தெட்டு வருஷ சர்வீசில் ஒரு மெமோகூட வாங்காதவள் நான். சரி என்றேன்.

எந்தப் பீரியடில் நடத்துவது என்று பார்த்தோம். செவ்வாயும் வெள்ளியும் ஏழாவது பீரியடு. கால அட்டவணையில் அது உடற்கல்வி. ஆனால் ஒன்பது வருஷமாக அது என்னிடம்தான் இருக்கிறது. வெளியே உடற்கல்வி என்று எழுதியிருக்கும், உள்ளே கணக்கு நடக்கும். எல்லாப் பள்ளியிலும் உள்ள வழக்கம்தான். போர்ஷன் முடிய வேண்டாமா?

மைதானம் என்பதால் உடற்கல்வி ஆசிரியரும் கூட இருக்க வேண்டுமாம். வேதமுத்து சார். நாற்பத்திரண்டு வயது. கழுத்தில் விசில் தொங்கும், ஊத மாட்டார். அதற்கும் சோம்பல். நாலு பத்துக்குக் கடைசி மணி அடித்தால் நாலு பதினொன்றுக்கு அவர் பைக் கேட்டைத் தாண்டியிருக்கும். வேப்பமரத்தடியில் நிற்பதற்குச் சம்பளம் கொடுக்கிற உத்தியோகம் வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

ஜனவரி 7, செவ்வாய்

முதல் வகுப்பு. வள மையம் அனுப்பிய கையேட்டில் உள்ளபடி பிள்ளைகள் வட்டமாக ஓட வேண்டும். நான் ஒரு எண்ணைச் சொன்னால் அத்தனை அத்தனை பேராகக் கூடி உட்கார வேண்டும். கூட்டம் கிடைக்காமல் நிற்பவர்கள் மீதி. வகுத்தல் இப்படி விளங்குமாம்.

ஆறு என்றேன். உதுமான் என்ற பையனை மூன்று கூட்டத்தார் மூன்று பக்கம் இழுத்ததில் அவன் சட்டைப்பை ஒரு கூட்டத்துக்குப் போயிற்று, அவன் இன்னொரு கூட்டத்துக்குப் போனான். மீதி ஐந்து பேர். அதில் இரண்டு பேர் அழுதார்கள்.

எட்டு என்றேன். மீதி ஒன்று. ஐந்து. மீதி ஒன்று. மூன்று. மீதி இரண்டு.

முப்பிடாதி என்று ஒருத்தி. அரையாண்டில் நூற்றுக்கு ஒன்பது. பின்னலை வாயில் கடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"டீச்சர், எல்லாரும் உக்காருத மாதிரி ஒரு நம்பர் சொல்லுங்க."

"அப்படி நம்பர் கிடையாது. நாற்பத்தொன்று பகா எண்."

"யாரு டீச்சர் அப்படி வச்சது?"

போய் வரிசையில் நில் என்றேன். முட்டுக்குத் தைலம் தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

ஜனவரி 10, வெள்ளி

இன்று அதே விளையாட்டு. காயம் இரண்டு, சிறியவை.

முதல் அறிக்கை எழுதினேன். இத்தனை வருஷம் உழைத்தவளை ஓடிப் பிடித்து விளையாட வைத்த எரிச்சல் எனக்கு. நாம் என்ன சும்மாவா இருந்தோம் என்று அவர்களுக்குத் தெரியட்டும் என்று கடைசிப் பத்தியில் இப்படி எழுதினேன்: 'இவ்வகுப்பின் உடற்கல்விப் பாடவேளைகள் ஒன்பது ஆண்டுகளாகக் கணித ஆசிரியரால் பயன்படுத்தப்பட்டு வருகின்றன; உடற்கல்வி ஆசிரியர் இன்றியே அவை செவ்வனே நடைபெறுகின்றன.'

எழுதிவிட்டு இரண்டு முறை படித்தேன். நன்றாக வந்திருந்தது. குற்றாலிங்கம் சார் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் இடப்பக்கம் பொங்கியது. விடைத்தாள் திருத்தினேன்.

ஜனவரி 21, செவ்வாய்

இன்று ஒரு பிள்ளை வரவில்லை. நாற்பது பேர். எட்டு என்றேன், மீதி இல்லை. ஐந்து, மீதி இல்லை. நான்கு, பத்து, இரண்டு, எதற்கும் மீதி இல்லை. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு அம்மாள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

ஜனவரி 24, வெள்ளி

இன்றும் நாற்பது பேர். வராதது வேறு பிள்ளை. செவ்வாயன்று வராத பிள்ளையிடம் என்ன உடம்புக்கு என்று கேட்டேன். வயிற்றுவலி என்றான். இன்று வராதவனுக்கு என்ன என்றேன். வயிற்றுவலியாம். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதும் முப்பிடாதியைப் பார்த்தான்.

முப்பிடாதியின் நோட்டை வாங்கினேன். கடைசிப் பக்கத்தில் தேதிவாரியாகப் பட்டியல். எந்தச் செவ்வாய்க்கு யாருக்கு வயிற்றுவலி, எந்த வெள்ளிக்கு யாருக்கு என்று பிப்ரவரி முடிய எழுதியிருந்தாள். சீட்டுக் குலுக்கிப் போட்டார்களாம்.

திட்டத் தொடங்கினேன். அதற்குள் பக்கத்தின் அடியில் இருந்ததைப் பார்த்துவிட்டேன். இரண்டு பேர் லீவு போட்டால் முப்பத்தொன்பது. அதற்கு மூன்றும் பதின்மூன்றும்தான் சரிவரும், ஆகையால் வேண்டாம் என்று எழுதியிருந்தாள்.

"அஞ்சு பேர் லீவு போட்டா இன்னும் நல்லது டீச்சர். முப்பத்தாறு. எத்தனையோ நம்பர் வரும். ஆனா மாட்டிக்கிடுவோம்லா, அதான்."

முப்பத்தொன்பதின் வகு எண்களை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்தேன்தான், ஆனால் அன்றைக்கு அவள் கேட்டிருக்க மாட்டாள். ஒன்பது மார்க் போட்டது நான்தான். நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். லீவு போட்டால் பெற்றோரைக் கூப்பிடுவேன் என்றும் சொன்னேன். சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வயிற்றுவலிக்காரனையும் உள்ளே கூப்பிட்டேன், நாற்பத்தொன்று ஆயிற்று.

வேதமுத்து சார் அதுவரை மரத்தடியில்தான் நின்றார். மெதுவாக வந்து, "நான் வேணா பிள்ளைகளோட நின்னுக்கிடட்டுமா டீச்சர்? நாப்பத்திரண்டு ஆயிரும்லா" என்றார். நின்றார். ஏழு என்றேன். மீதி இல்லை. அவருடைய கூட்டத்தில் அவர்தான் கடைசியாக உட்கார்ந்தார். பிள்ளைகள் அவரைத் திட்டினார்கள்.

ஜனவரி 28, செவ்வாய்

தமிழய்யா புகார். எங்கள் சத்தத்தில் பத்தாம் வகுப்புக்குச் செய்யுள் நடத்த முடியவில்லையாம். சத்தம் வந்தால் சோதனை முயற்சியை நிறுத்திவிடுவேன் என்று குற்றாலிங்கம் சார் சொல்லிவிட்டார். நிறுத்தினால் அதையும் என் பெயரில்தான் எழுதுவார்கள்.

"வாயே திறக்காம நடத்தலாம் டீச்சர்" என்றார் வேதமுத்து சார்.

விரலால் எண் காட்டினார். இரண்டு கைகளையும் குறுக்கே வைத்தால் கூட்டல். ஒரு கையைப் படுக்கையாக இழுத்தால் கழித்தல். உள்ளங்கையைத் திருப்பினால் தப்பு, மறுபடி செய். பிள்ளைகள் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்கள். நாற்பத்தொரு பிள்ளைகள் ஒரு பேச்சில்லாமல் ஓடி, கூடி, உட்கார்ந்து, எழுந்தார்கள். என் சர்வீசில் இப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை. என்ன நடந்ததோ என்று தமிழய்யா வகுப்பை விட்டு வெளியே வந்து பார்த்தார்.

இதை எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். சும்மா வரும் என்றார். நாலு பதினொன்றுக்கு பைக் போய்விட்டது.

ஜனவரி 31, வெள்ளி

மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் எண்கோடு போட்டோம். நடுவில் பூஜ்யம். வலப்பக்கம் பத்து வரை, இடப்பக்கம் மைனஸ் பத்து வரை. கூட்டல் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. மூன்றிலிருந்து மைனஸ் இரண்டைக் கழி என்று கைச்சாடையில் காட்டியதும் உதுமான் மூன்றின் மேல் நின்றுகொண்டு அசையவில்லை. கடைசியில் வாயைத் திறந்து கேட்டான்.

"ரெண்டு மைனஸ் சேந்தா ஏன் டீச்சர் ப்ளஸ் ஆவுது?"

இருபத்தெட்டு வருஷமாக என்னிடம் இதற்கு ஒரே பதில்தான். அது விதி, மனப்பாடம் பண்ணு. அதையே சொல்ல வாயெடுத்தேன்.

"டிரில்லுல சொல்லிப் பாக்கட்டுமா டீச்சர்?" என்றார் வேதமுத்து சார். "ஏல, கழித்தல்னா அபௌட் டர்ன். மைனஸ் நம்பர்னா பின்னால நட. அவ்வளவுதான்."

உதுமான் மூன்றில் நின்று அபௌட் டர்ன் அடித்தான். முகம் மைனஸ் பக்கம் பார்த்தது. பின்னாலேயே இரண்டு அடி வைத்தான். குனிந்து பார்த்தான். ஐந்தில் நின்றான். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

நாற்பத்தொரு பேரும் நடந்தார்கள். நாற்பத்தொரு பேரும் ஐந்தில் வந்து நின்றார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எரிச்சலாக இருந்தது. எம்.எஸ்ஸி. கணக்குப் படித்தவள் நான். எல்லோரும் போன பிறகு நானும் மூன்றில் நின்று ஒரு தடவை நடந்து பார்த்தேன். முட்டு வலித்தது. ஐந்துதான் வந்தது.

அறிக்கையில் 'ஆசிரியர் ஒரு புதிய முறையைக் கையாண்டார்' என்று எழுதினேன். எந்த ஆசிரியர் என்று எழுதவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

பணி நிரவல் பட்டியல் வந்திருக்கிறது. ஒரு பள்ளியில் தேவைக்கு மேல் இருக்கும் ஆசிரியரை ஆள் இல்லாத பள்ளிக்கு அனுப்புவதற்குப் பெயர் பணி நிரவல். எங்கள் பள்ளியிலிருந்து ஒரு பெயர். உடற்கல்வி ஆசிரியர் வேதமுத்து. மாவட்டத்தின் அந்தக் கோடியில் மலையடிவாரப் பள்ளி. இரண்டு பஸ் மாற வேண்டும், இரண்டரை மணி நேரம். ஆட்சேபணை இருந்தால் 12ஆம் தேதி கல்வி அலுவலர் முன்னால் சொல்லலாம்.

காரணம் என்ற கட்டத்தில் எழுதியிருந்ததைக் குற்றாலிங்கம் சார் சத்தமாகப் படித்தார். 'ஒன்பது ஆண்டுகளாகக் கணித ஆசிரியரால் பயன்படுத்தப்பட்டு வருகின்றன. உடற்கல்வி ஆசிரியர் இன்றியே அவை செவ்வனே நடைபெறுகின்றன.'

"இது யாரு எழுதுன வேலைன்னு தெரியலயே டீச்சர்."

எனக்கும் தெரியவில்லை என்றேன்.

வேதமுத்து சார் கடிதத்தை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "பீரியடு தொடங்கப் போவுது டீச்சர்" என்றார். போனோம். எண்கோட்டில் பெருக்கல் நடத்தினோம். சாயங்காலம் இட்லி மாவு புளித்துவிட்டது. தோசை வார்த்தேன்.

பிப்ரவரி 6, வியாழன்

சிலிண்டர் பதிந்து பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. பள்ளி முடிந்து ஆட்டோ பிடித்து கேஸ் ஏஜென்சிக்குப் போனேன். எதிரே காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி. அதன் கேட்டில் வேதமுத்து சார் பைக்கில் உட்கார்ந்திருந்தார்.

பத்து வயதில் ஒரு பெண்பிள்ளை வந்தது. பையை டேங்க் மேல் வைத்துவிட்டுக் கையால் பேசியது. அவரும் கையால் பேசினார். விரல் எண்கள், குறுக்கே வைத்த கை, படுக்கையாக இழுத்த கை, திருப்பிய உள்ளங்கை. அத்தனையும் எனக்குத் தெரிந்திருந்தது. ஏழு ஆ பிரிவில் எல்லோருக்கும் தெரியும்.

என்னைப் பார்த்துவிட்டார். "மகள், டீச்சர். கெசியா. இவ அம்மா ஆஸ்பத்திரியில நர்ஸ், வர ராத்திரி ஆயிரும். நாலரைக்குக் கேட்டைப் பூட்டிருவாங்க. நான்தான் கூப்பிட வாரது."

பிள்ளை என்னைக் காட்டி என்னவோ கேட்டது.

"என்ன கேக்கா?"

"நீங்கதான் கணக்கு டீச்சரான்னு கேக்கா."

"என்னைப் பத்தி வேற என்ன சொல்லியிருக்கீங்க?"

அவர் பைக் சாவியைப் பார்த்தார். பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. இத்தனை வருஷமாக இந்த மனிதர் நாலு பதினொன்றுக்கு எங்கே ஓடுகிறார் என்று நான் ஒரு தடவையும் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த வயதில் வெட்கப்படுவது பழக்கமில்லாத வேலை.

சிலிண்டர் திங்கட்கிழமை வருமாம்.

பிப்ரவரி 7, வெள்ளி

குற்றாலிங்கம் சாரிடம் அந்த வாக்கியம் என்னுடையது என்று சொல்லிவிட்டேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நீங்க எழுதுனீங்களா? எதுக்கு டீச்சர்?"

"பெருமைக்கு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு விவரமாகச் சொன்னார். பீரியடை வேதமுத்து சார் தானாகக் கொடுத்தார் என்றால் வேலை பார்க்காதவர் என்று அவரை அனுப்பிவிடுவார்கள். நானாக எடுத்தேன் என்றால் கால அட்டவணையை மீறியது என் குற்றம். மெமோ வரும். மெமோ நிலுவையில் இருந்தால் பேனலில் பெயர் இருக்காது.

"அவர் சின்ன வயசு டீச்சர். போன இடத்துல ரெண்டு வருஷம் கழிச்சு மாறுதல் கேட்டு வந்துருவாரு. உங்களுக்கு இதை விட்டா வேற வாய்ப்பு இருக்கா? கேட்டா, அவராத்தான் குடுத்தாருன்னு ஒரு வார்த்தை. ஊர் உலகத்துல நடக்காததா?"

யோசிக்கிறேன் என்றேன். ஏழாவது பீரியடில் முப்பிடாதி மைனஸ் ஏழிலிருந்து மைனஸ் ஏழைக் கழித்து பூஜ்யத்தில் போய் நின்று, மற்றவர்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அறிக்கையில் எழுத ஒன்றும் தோன்றவில்லை. வானிலை நன்றாக இருந்தது என்று எழுதினேன்.

பிப்ரவரி 10, திங்கள்

வீட்டில் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாசல் பெயர்ப் பலகைக்கு 'தலைமையாசிரியை சண்முகவடிவு' என்று எழுத ஆர்டர் கொடுத்துவிட்டாராம். கேட்காமல் ஏன் கொடுத்தீர்கள் என்றேன். கேட்காமல் நீ ஏன் பீரியடை எடுத்தாய் என்றார். முப்பது வருஷத்தில் இவர் சொன்ன உருப்படியான பதில் இதுதான்.

சிலிண்டர் வந்தது.

பிப்ரவரி 12, புதன்

கல்வி அலுவலகம். பத்து மணிக்கு வரச் சொல்லி ஒன்றரைக்குக் கூப்பிட்டார்கள். வேதமுத்து சார், நான், குற்றாலிங்கம் சார். பெஞ்சில் மூன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வேதமுத்து சார் நாலரைக்குள் போக முடியுமா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

கல்வி அலுவலர் சின்ன வயது அம்மா. கோப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஒன்பது வருஷமா பி.டி. பீரியடு நடக்கவே இல்லையா?"

"கணக்கு நடந்துச்சு மேடம்" என்றேன்.

"மொத்தம் எத்தனை பீரியடு இருக்கும்?"

"ஐந்நூற்று நாற்பத்துநாலு." பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டிருந்தேன். நோய்க்காலத்தில் பள்ளி பூட்டிக்கிடந்த ஒரு வருஷத்தைக் கழித்துவிட்டேன்.

அவர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "சார் குடுத்தாரா, நீங்க எடுத்தீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் மேடம் குடுத்தேன்" என்றார் வேதமுத்து சார். குற்றாலிங்கம் சார் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

நான் சொல்ல வந்ததும் அதுதான். உண்மையை எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுதிவிடுகிறேன். பஸ்ஸில் ஏறும்போது, அவராகக் கொடுத்தார் என்று சொல்லத்தான் ஏறினேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதும் அப்படித்தான். அவரே அதைச் சொல்லிவிட்டார். நான் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா நிற்பதுதான். என்னால் அது முடியவில்லை.

"அவர் பொய் சொல்லுதாரு மேடம். ஒரு நாள்கூட அவர் குடுத்தது கிடையாது. நான் போய் கிளாஸ் வாசல்ல நிப்பேன். அவர் ஒதுங்கிக்கிடுவாரு. என்னை எதுத்துப் பேச எங்க ஸ்கூல்ல ஆள் கிடையாது. அந்த அறிக்கையில எழுதினதும் நான்தான்."

"இதை எழுத்துல தர்றீங்களா?"

"தாரேன்."

"என்ன வரும்னு தெரியும்ல?"

"தெரியும் மேடம். நான் பேனல்ல இருக்கேன்."

வெள்ளைத்தாள் கொடுத்தார்கள். ஆறு வரி எழுதினேன். மைனஸ் மைனஸ் ப்ளஸ் என்பதை அபௌட் டர்ன் மூலம் விளக்கியது உடற்கல்வி ஆசிரியர் வேதமுத்து என்பதையும் ஏழாவது வரியாக எழுதினேன். அது அங்கே தேவையில்லைதான்.

வெளியே வந்ததும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அவரிடம் கேட்டேன்.

"உங்க பேனல் போயிரக்கூடாதுல்லா டீச்சர்" என்றார். மணி இரண்டு ஐம்பது. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார்.

பிப்ரவரி 13, வியாழன்

குற்றாலிங்கம் சார் என்னோடு பேசவில்லை. சாம்பாரில் உப்பு கூடிவிட்டது.

பிப்ரவரி 18, செவ்வாய்

வட்டார வள மையத்திலிருந்து வந்து ஏழு ஆ பிரிவுக்குத் தேர்வு வைத்தார்கள். தாளில்தான், உட்கார்ந்துதான். அறைக்குள் நான் போகக்கூடாது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாதிப் பிள்ளைகள் மேசைக்கு அடியில் பாதத்தை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தார்கள். கண்காணிக்க வந்தவர் என்ன வியாதி என்று கேட்டாராம்.

அங்கேயே உட்கார்ந்து திருத்தினார்கள். முப்பத்துநான்கு பேர் தேறினார்கள். முப்பிடாதி அறுபத்திரண்டு. எனக்கு அழுகை வந்தது. ஆசிரியர் அறையில் தமிழய்யா இருந்ததால் அழவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

காலையில் இரண்டு உறைகள் வந்தன. ஒன்று, வேதமுத்து பணி நிரவல் ரத்து, அதே பள்ளியில் தொடரலாம். இன்னொன்று எனக்கு. கால அட்டவணையை மீறியது, மாணவர்களின் உடற்கல்வி உரிமையைப் பறித்தது என்று இரண்டு குற்றச்சாட்டு. பதினைந்து நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். இரண்டாவது குற்றச்சாட்டை இரண்டு முறை படித்தேன். நான் பறித்தேன் என்று எனக்கு யாரும் இதுவரை சொன்னதில்லை. போர்ஷன் முடித்தேன் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

'குற்றச்சாட்டுகள் சரி' என்று விளக்கம் எழுதி அப்போதே கொடுத்துவிட்டேன். மத்தியானம் பேனல் வந்தது. என் பெயர் இல்லை. என்னைவிட மூன்று வருஷம் இளையவள் பெயர் இருந்தது. அவளுக்கு போன் செய்து வாழ்த்துச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

சோதனை முயற்சி இன்றோடு முடிந்தது. கடைசி அறிக்கை அனுப்பிவிட்டேன். கையேட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

ஏழாவது பீரியடு. இன்றிலிருந்து அது உடற்கல்வி. உடற்கல்வி என்றால் உடற்கல்விதான். நான் ஆசிரியர் அறையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். வேதமுத்து சார் வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், இன்னும் ரெண்டு பாடம் பாக்கின்னு பிள்ளைய சொல்லுதுவ. முழு ஆண்டுக்கு நாள் இல்ல. இன்னைக்கு வேணும்னா எடுத்துக்கோங்க."

அவராகக் கொடுத்தது இதுதான் முதல் தடவை. எனக்கு வேண்டியும் இருந்தது. வேண்டாம் சார் என்றேன்.

"அப்ப சும்மா வந்து நில்லுங்க. நீங்க இல்லைன்னா அதுக தேடும்."

போனேன். நாற்பத்தொரு பேரும் வரிசையாக நின்றார்கள். அவர் இரண்டு பந்தையும் நான்கு ஸ்கிப்பிங் கயிற்றையும் தரையில் போட்டார். "விளையாடுங்க" என்றார். யாரும் அசையவில்லை. அவரைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

முப்பிடாதி கையைத் தூக்கினாள்.

"எந்தப் பாடம் டீச்சர்?"

"பாடம் கிடையாது."

"எங்களுக்குள்ள யாருக்கு மார்க்கு?"

"மார்க் கிடையாது."

அவள் பின்னலை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தாள். குறும்பாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள்.

"அப்ப எதுக்கு டீச்சர் விளையாடணும்?"

வேதமுத்து சார் தரையைப் பார்த்தார்.

நான் அங்கே நிற்கும்வரை அவர்கள் நகர மாட்டார்கள் என்று தெரிந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். முதல் பந்துச் சத்தம் கேட்க ஏழு நிமிடம் ஆயிற்று.